முடிந்த பணிகளின் நிழல்

வன்னிக்கரை நகராட்சியின் வெப்சைட்டில் யார் கண்ணுக்கும் எட்டாமல் கிடந்த பணிக் கணக்கையெல்லாம் சண்முகவடிவு என்கிறவள் வெளியே எடுத்து ஊருக்குப் பொதுவில் வைத்தாள். வைத்த மறுநாள் காலையில், சந்தைக்குப் பின்னால் முள்ளும் பாலித்தீனுமாகக் கிடந்த பொட்டலில், இல்லாத மரங்களின் நிழல் விழுந்தது.

ஏதோ மேகம் வந்து நின்றதுபோல மங்கலாக விழவில்லை. வேம்பும் புங்கும் பூவரசும் கிளை கிளையாக, இலை இலையாக, காற்றடித்தால் அசைந்துகொண்டு விழுந்தன. சிமெண்டு பெஞ்சுகளின் நிழல் வரிசையாக விழுந்தது. ஊஞ்சல் ஒன்றின் நிழல் போவதும் வருவதுமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால், வாசல் வளைவின் நிழல் ஒன்று, 'நகராட்சிப் பூங்கா, திறந்து வைத்தவர் நகர்மன்றத் தலைவர் வேலாயுதப்பெருமாள்' என்று கொட்டை எழுத்தில் நீண்டு கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் மேலே ஒன்றுமில்லை, சித்திரை மாதத்து வெள்ளை வானம் மட்டும்தான்.

முதலில் பார்த்தவர் டீ விற்கிற மைதீன் பாய். தள்ளுவண்டியோடு அந்த வழியாக வந்தவர் நின்றார், கீழே பார்த்தார், மேலே பார்த்தார், கையை நீட்டி நிழலுக்குள் வைத்துப் பார்த்தார். குளுகுளுவென்று இருந்தது. வண்டியை உள்ளே தள்ளி, புங்கமர நிழலில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அடுப்பைப் பற்றவைத்தார். வன்னிக்கரை அந்த அதிசயத்தை ஏற்றுக்கொண்டது அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் ஒன்றும் விசாரிக்கவில்லை.

விசாரிக்க வேண்டியதெல்லாம் அதற்கு முன்னாலேயே ஒருத்தி விசாரித்து அலுத்திருந்தாள்.

வடிவின் அண்ணன் சுடலைமுத்து ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். போன ஐப்பசி மழையில் அவர்கள் குடியிருந்த உப்போடைத் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் நின்றபோது வண்டி நின்றுபோக, இறங்கித் தள்ளினான். தெரு எது, தெருவோரத்து வாய்க்கால் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே செந்தண்ணீராகக் கிடந்தது. ஆள் உயரத்துக்கு ஆழமான அந்த வாய்க்காலுக்கு மூடி கிடையாது. காலை வைத்தவன் உள்ளே போனான், மறுநாள் ஓடைப் பாலத்தடியில் கிடைத்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, வடிவு தன் மதினி ஆவுடைத்தங்கத்தைக் கூட்டிக்கொண்டு நகராட்சி ஆபீசுக்குப் போனாள். அந்த வாய்க்காலை ஏன் மூடவில்லை என்று கேட்டாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். உப்போடைத் தெரு வடிகாலுக்குக் கல்மூடி அமைக்கும் பணி என்று எழுதி, பக்கத்தில் பச்சையாக ஒரு டிக் அடித்து, 'முடிந்தது' என்று போட்டிருந்தது.

"மூடித்தானேம்மா இருக்கு? பாருங்க, போன வருசமே முடிஞ்சுட்டு. உங்க அண்ணன் வேற எங்கயாவது விழுந்திருப்பாரு."

ஆவுடைத்தங்கம் அந்தப் பச்சை டிக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இது என்னட்டி வடிவு?" என்று கேட்டாள். "முடிஞ்சுட்டுன்னு போட்டிருக்கு மதினி" என்றாள் வடிவு. சொல்லும்போதே அவளுக்குக் காதுமடல் இரண்டும் கொதித்தன. அந்தக் கொதிப்பு பிறகு ஆறவே இல்லை.

எழுதிக் கேட்டாள். 'தாங்கள் கோரும் தகவல்கள் அனைத்தும் இணையதளத்தில் உள்ளன, பார்த்துக்கொள்ளவும்' என்று பதில் வந்தது. சரி, பார்க்கிறேன் என்று உட்கார்ந்தாள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே சாப்ட்வேர் சோதித்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு, அதனால் வெப்சைட் என்றால் என்ன, அது எங்கே ஒளித்துவைக்கும், எப்படி மறக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். இந்த வெப்சைட் பார்க்கவிடக் கூடாது என்றே கட்டிய வீடு மாதிரி இருந்தது. ஒரு வார்டைத் திறந்தால் இன்னொரு வார்டு மூடிக்கொண்டது. ஒவ்வொரு பக்கத்துக்கும் நெளிந்த எழுத்துகளைக் காட்டி நீ மனிதப் பிறவிதானா என்று கேட்டது. உள்ளே போனால் இருப்பதெல்லாம் கணக்குத் தாள்களைச் சாய்த்தும் கவிழ்த்தும் எடுத்த போட்டோக்கள், பாதிக்கு மேல் வாசிக்க முடியாதவை. பக்கம் பக்கமாகப் போய் எடுத்து வருகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினாள், அது வாசிக்கத் திணறியதையெல்லாம் தானே உட்கார்ந்து தட்டினாள், தை போய் மாசி போய் பங்குனியும் போனது. எல்லாவற்றையும் தெருவாரியாகப் பிரித்து, ஊர் வரைபடத்தின் மேல் வைத்து, யார் வேண்டுமானாலும் போனில் தங்கள் தெருப் பேரைத் தொட்டால் அங்கே நகராட்சி என்னென்ன செய்து முடித்திருக்கிறது என்று தெரிகிற மாதிரி செய்தாள். ஊர் பார்க்கட்டும், பார்த்துக் கொதிக்கட்டும் என்பதுதான் அவள் எண்ணம்.

ஊர் குளிர்ந்தது.

மேட்டுத் தெருவில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்தது, நாலு தூணும் ஏணியுமாக, அம்மாம்பெரிய தொட்டி. பெண்கள் அதைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் குடங்களைக் கொண்டுவந்து வரிசையில் வைத்தார்கள், தண்ணீர் வராது என்று தெரிந்தும் வைத்தார்கள், வரிசையில் யார் முந்தி என்று சண்டையும் போட்டார்கள், பிறகு தொட்டி நிழலில் உட்கார்ந்து பேன் பார்த்தார்கள். தெருவிளக்குக் கம்பங்களின் நிழல் தெருத் தெருவாக நட்டுக்கொண்டது, நாய்கள் அதன்மேல் காலைத் தூக்கின, பொழுது சாய்ந்தால் ஊர் பழையபடி இருட்டு. ஆரம்பப் பள்ளிக்கூடத்துப் புதுக் கட்டடத்தின் நிழலுக்குள் டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிப்போய் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார், வெயில் நகர நகர நிழல் நகர்ந்தது, நிழல் நகர நகர வகுப்பும் பலகையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தது. பூங்காவில் சின்னப் பிள்ளைகள் ஊஞ்சல் நிழலோடு சேர்ந்து தரையில் உருண்டு போய் உருண்டு வந்தார்கள். வாசல் வளைவின் நிழலில் கடை போட்ட வெள்ளரிக்காய்க்காரம்மாவின் முதுகில் நாள் முழுக்க 'வேலாயுதப்பெருமாள்' என்று எழுதியிருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பெண்கள் கழிப்பறையின் நிழலும் விழுந்தது. கதவு நிழல், சுவர் நிழல், உள்ளே குழாய் நிழல் எல்லாம் இருந்தது. நிழல் சுவர் யாரை மறைக்கும்? பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல அடக்கிக்கொண்டு, பஸ் ஏறிப் போனார்கள்.

வடிவு தெருவில் போனால் ஊரே அவளைக் கும்பிட்டது. ஒருத்தி பிச்சிப்பூ கொண்டுவந்து தலையில் வைத்துவிட்டாள், ஒருத்தி முறுக்குச் சுட்டுக் கொடுத்தாள். நீ நல்லா இருப்பே தாயி, அக்கினி வெயிலுக்கு எங்களைக் காப்பாத்துனியே என்றார்கள். வாங்கிக்கொள்ளவும் முடியாமல் வீசவும் முடியாமல் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மைதீன் பாயிடம் ஒருநாள் வெடித்துவிட்டாள்.

"பாய், நீங்க உக்காந்திருக்கிய பாருங்க, இந்த எடத்துல நெசமாவே மரம் நின்னுருக்கணும். நம்ம பணத்துல. அதைத் தின்னுட்டு ஏப்பம் விட்டுட்டான். அந்த ஏப்பத்துல உக்காந்து காத்து வாங்குதியளே, வெக்கமா இல்ல?"

பாய் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "தங்கச்சி, நீ சொல்லுதது நியாயம்தான். எனக்கு வயசு அறுவது ஆவுது. இந்த ஊர்ல வெயில்லயே நின்னு வியாபாரம் பாத்தவன். மரம் வரும் வரும்னு பாத்து எம் மண்டைதான் காஞ்சுது. நிழலாவது வந்துச்சே."

"நிழலாவதுன்னு நீங்க சொல்லுதீங்கள்லா, அதைக் கேட்டுத்தான் எனக்கு வயிறு எரியுது."

நகராட்சி ஆபீசிலோ முதலில் எல்லோருக்கும் பேதி கண்டது. நிழல் விழுந்த இடமெல்லாம் காட்டிக்கொடுக்கிறது என்று பயந்து, தலைவர் வேலாயுதப்பெருமாள் வெப்சைட்டையே மூடச் சொன்னார், மூடினார்கள். நிழல் போகவில்லை. வடிவின் வரைபடம் இருக்கிறவரைக்கும் இருக்கும் என்று ஊரே பேசிக்கொண்டது. ஆள் அனுப்பி மிரட்டினார். அவள் வாசலில் நின்று, "ஊர்க் கணக்கை ஊருக்குக் காட்டுனேன், இதுல எது திருட்டுன்னு உங்க தலைவரையே வந்து சொல்லச் சொல்லுங்க" என்று கதவைச் சாத்தினாள்.

தலைவரே வந்தார். ஆனால் அதற்குள் அவருக்குப் புத்தி தெளிந்திருந்தது. பயப்பட வேண்டியவர்கள் எல்லோரும் நிழலில் படுத்துத் தூங்குவதை அவர் காரில் போகும்போது பார்த்திருந்தார். வெள்ளை வேட்டி கசங்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, காபி வேண்டாம், சுகர் என்றார்.

"அதை அழிச்சிராதம்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

வடிவுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை.

"சென்னையிலேருந்து பெரிய அதிகாரி வாராவ. சிறந்த நகராட்சின்னு தேர்வு செய்யதுக்கு. உச்சி வெயில்ல கூட்டிட்டுப் போய்க் காட்டப் போறேன். பூங்கா இருக்கா, இருக்கு. தொட்டி இருக்கா, இருக்கு. நிழல் இருக்குன்னா பொருள் இருக்குன்னுதானே அர்த்தம்? பொருள் இல்லாம நிழல் விழுமா? நீயே சொல்லு, நீ படிச்ச பிள்ளை. விழாவுல உனக்கு ஒரு பொன்னாடை போத்தணும்னு இருக்கேன்."

உள்கட்டிலிருந்து ஆவுடைத்தங்கம் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, தலைவருக்கு முன்னால் நின்று, அவர் தொடாத தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தலைவர் எழுந்துகொண்டார்.

அவர் போனதும் வடிவு லேப்டாப்பைத் திறந்தாள். எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன், ஒரு நிழல் மிஞ்சக் கூடாது என்று உட்கார்ந்தவளை, சேதி எப்படியோ எட்டி, தெருவே வந்து சூழ்ந்துகொண்டது. டீச்சர் கும்பிட்டார், பிள்ளைகள் மறுபடியும் தகரக் கொட்டகையில் வெந்து சாகும் என்றார். வெள்ளரிக்காய்க்காரம்மா காலில் விழப் போனாள். மைதீன் பாய் ஓரமாக வந்து நின்றார், அவர் நின்றதே போதுமாக இருந்தது. வடிவு லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு, சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்று யோசித்தாள். அழித்தால் திருடனுக்கு எதிராக ஒரு சாட்சியும் இல்லை, வைத்திருந்தால் அதுவே திருடனுக்குச் சாட்சி சொல்கிறது.

மறு வாரம் குருவம்மா விழுந்தாள்.

உப்போடைத் தெருவிலும் நிழல் இருந்தது. அங்கே விழுந்தது கல்மூடிகளின் நிழல். வாய்க்காலின் மேல் கறுப்பாக, பாவிய மாதிரி, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை இடைவெளியில்லாமல் படிந்து, அடியில் மினுங்குகிற சாக்கடைத் தண்ணீரை மறைத்துவிட்டிருந்தது. தெருக்காரர்களுக்குத் தெரியும், ஒதுங்கிப் போவார்கள். இட்லி விற்கிற குருவம்மா பக்கத்து ஊர்க்காரி. தலையில் இட்லிச் சட்டியும் இடுப்பில் சாம்பார் வாளியுமாக வந்தவள், எதிரே வந்த மினி லாரிக்கு ஒதுங்கி, மூடிதான் போட்டிருக்கிறார்களே என்று அந்தக் கறுப்பின் மேல் காலை வைத்தாள். சத்தம் கேட்டு ஆவுடைத்தங்கம்தான் முதலில் ஓடினாள். வாய்க்காலுக்குள் இறங்கி, தன் புருசனை விழுங்கின அதே தண்ணீரில் இடுப்பளவு நின்று, குருவம்மாவைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொடுத்தாள். கோடைத் தண்ணீர் ஆனதால் உயிர் தப்பியது, இடுப்பெலும்பு தப்பவில்லை.

வடிவு ஆஸ்பத்திரிக்குப் போனாள். குருவம்மா படுத்த வாக்கில், "கல்லு இருந்துச்சே தாயி, எங் கண்ணால பாத்தேனே, கல்லு இருந்துச்சே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கல்லை அங்கே வைத்தது அரைப் பங்கு நகராட்சி, மீதி அரைப் பங்கு தான் என்று வடிவுக்கு உறைத்தது. அழுகை வரவில்லை.

அதிகாரி வந்த அன்று அனல் அடித்தது. தலைவர் கணக்காக உச்சி வேளைக்குத்தான் கூட்டிவந்தார். மேளம், மாலை, குடை பிடிக்க ஆள். பூங்காவில் அதிகாரி புங்கமர நிழலில் நின்று இளநீர் குடித்தார். தொட்டி நிழலை அண்ணாந்து பார்க்காமல் குனிந்தே பார்த்துத் தலையாட்டினார். அவரும் மேலே பார்க்கவில்லை, மேலே பார்க்க அவருக்கும் விருப்பமில்லை. நிழலுக்கு நிழல் தாவிக்கொண்டு ஊர்வலம் உப்போடைத் தெருவுக்கு வந்தது, பின்னாலேயே வேடிக்கை பார்க்க ஊரும் வந்து, இந்தப் பக்கத்து வீடுகளுக்கு முன்னால் நகராட்சி நட்டதாகச் சொன்ன சாலையோர மரங்களின் நிழலில் வரிசையாக நின்றுகொண்டது.

தெருவின் நடுவே வெயிலில் வடிவு நின்றாள். பக்கத்தில் ஆவுடைத்தங்கம்.

"வாங்கய்யா" என்றாள் வடிவு. "இது உப்போடைத் தெரு. இந்த வடிகாலுக்குக் கல்மூடி போட்டாச்சுன்னு நகராட்சி சொல்லுது. நான்தான் அதை எடுத்து ஊருக்குக் காட்டுனவ. தலைவரய்யா அதுமேல ஒரு தடவை ஏறி நின்னு காட்டணும்."

மேளக்காரர் நிறுத்தினார். தலைவர் சிரித்தார்.

"ஏம்மா, அதிகாரி வந்திருக்கிற நேரத்துல என்ன விளையாட்டு?"

"விளையாட்டு இல்லய்யா. நீங்க போட்ட கல்லு. ஏறி நில்லுங்க."

"செருப்போட ஏறுனா நல்லாவா இருக்கும்..."

"கழத்திட்டு ஏறுங்க."

அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம்தானே, நின்னு காட்டிருங்களேன், போட்டோ எடுத்துக்கலாம்" என்றார். அவர் வேண்டுமென்று சொன்னாரா, விவரம் தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை ஊரில் இரண்டு கட்சி.

தலைவர் வாய்க்கால் ஓரம் வரை போனார். கறுப்பாக, உறுதியாக, கல்லென்றால் கல்லாகவே கிடந்தது அது. செருப்பைக் கழற்றினார். வலது காலை ஒரு சாண் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்றது. ஊர் முழுக்க அந்தக் காலையே பார்த்தது. பிறகு அந்தக் கால் பின்னால் போய்த் தரையில் இறங்கியது.

"ஏறுங்க அண்ணாச்சி" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மைதீன் பாய். "எம் புருசன் ஏறுனாருல்லா" என்றாள் ஆவுடைத்தங்கம். அவள் குரலை அந்தத் தெரு மாதக்கணக்கில் கேட்டதில்லை. "அவுகளுக்கு மட்டும் ஏன் சொல்லாமப் போனிய, அங்க கல்லு இல்லன்னு?"

தலைவர் பின்வாங்கி மர நிழலுக்குள் போய் நின்றார். மைதீன் பாய்தான் முதலில் மர நிழலை விட்டு வெளியே வந்தார். வெயிலில் வந்து வடிவுக்குப் பக்கத்தில் நின்றார். டீச்சர் வந்தார். பூங்கா வாசலில் முதுகில் பேர் சுமந்து உட்கார்ந்திருந்த வெள்ளரிக்காய்க்காரம்மா வந்தாள், இந்த வெயிலில் அவள் முதுகில் எந்தப் பேரும் இல்லை. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வெளியே வந்தார்கள், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கள் முந்தானையால் அதன் தலையை மூடிக்கொண்டு வந்தார்கள். மரத்து நிழலெல்லாம் காலியாகக் கிடந்தது, அதற்குள் தலைவரும் அதிகாரியும் குடைக்காரனும் மட்டும் நின்றார்கள்.

அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும் யாரும் அந்த நிழல்களுக்குள் போகவில்லை. பள்ளிக்கூடம் கொட்டகைக்குத் திரும்பியது. பாய் மண்டை காய வெயிலிலேயே டீ ஆற்றினார். காலையில் ஆட்கள் வேலைக்குப் போகுமுன் நகராட்சி ஆபீஸ் வாசலில் போய் நின்றார்கள், மத்தியானம் பெண்கள் நின்றார்கள், வேர்த்து மயங்கி விழுந்தவர்களைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு அடுத்தவர்கள் நின்றார்கள். ஆளுக்கொரு போனில் அவரவர் தெருவைத் திறந்து வைத்துக்கொண்டு, இது எங்கே, அது எங்கே என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டார்கள். போலீஸ் வந்தது, பேசியது, அதுவும் நிழல் தேடித் திரும்பிப் போனது. சிறந்த நகராட்சிப் பட்டமும் கிடைக்கவில்லை, விழாவும் நடக்கவில்லை. பூங்காவுக்கும் தொட்டிக்கும் இன்னும் விசாரணை நடக்கிறது, நடக்கிறது என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால் உப்போடைத் தெருவுக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் டிராக்டர் வந்தது. கற்களை இறக்கினார்கள். நாலைந்து பேர் கடப்பாரையும் கலவைச் சட்டியுமாக ஒவ்வொரு கல்லாகத் தூக்கி வைத்து, ஓரம் பூசி, தட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள். வைக்க வைக்க அந்தக் கறுப்பு ஒவ்வொன்றாகக் கல்லுக்கு அடியில் போய்விட்டது. தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. வேலைக்காரர்கள் வேலையை முடித்து, கைகால் கழுவி, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தபோது பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி கூட அடித்திருக்கவில்லை.

ஆவுடைத்தங்கம் இறங்கி வந்தாள். கல்லின் மேல் ஏறினாள், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்தாள், திரும்பி வந்தாள், காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். கல் அசையவில்லை.

"முடிஞ்சுட்டா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுட்டும்மா" என்றார் மேஸ்திரி, வாயில் சோற்றோடு.

"இம்புட்டுத்தானா வேலை? அரை நாளா?"

மேஸ்திரி வடிவைப் பார்த்தார், வடிவு தரையைப் பார்த்தாள்.

"அரை நாள் வேலைக்காட்டி வடிவு, எம் புருசன் செத்தாரு?" என்று அவள் கேட்டாள். மேஸ்திரி சோற்றுப் பொட்டலத்தை மடித்து வைத்தார். அவள் திரும்பவும் கேட்டாள், இன்னும் சத்தமாக.